ஏன்? எப்படி?: கோடையில் கிராபிக்ஸ் கார்டு திணறுவது

கத்திரி வெயிலில் திண்டிவனம் வட்டாரத்தில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸை நெருங்கும். மார்கழியில் சீராக ஓடிய கணினி விளையாட்டு அப்போது திக்கித் திணறுவது ஏன்?

கிராபிக்ஸ் கார்டு இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகிறது. ஆர்டிஎக்ஸ் 3080 கார்டுக்கு அது சுமார் 320 வாட். நான்கு சீலிங் ஃபேன்களுக்கான மின்சாரம். சிப்பின் சூட்டைச் செப்புக் குழாய்கள் அலுமினியத் தகடுகளுக்குக் கடத்த, விசிறிகள் அதைக் காற்றில் தள்ளுகின்றன. அறைக் காற்று சூடேறினால் சிப்பும் ஏறக்குறைய அதே அளவு சூடேறும். 25 டிகிரி அறையில் 70 டிகிரியில் நிற்கும் சிப், 40 டிகிரி அறையில் 85-ஐத் தொடும். இந்தக் கார்டுக்கு உச்ச வரம்பு 93 டிகிரி. வரம்பை நெருங்கும்போது சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. அதுதான் திணறல்.

எப்படித் தணிப்பது?

தகடுகளில் படியும் தூசியே முதல் எதிரி. கணினியை அணைத்து, மின்இணைப்பை எடுத்து, விசிறி சுழலாமல் பிடித்துக்கொண்டு ஊதித் துடையுங்கள். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். மென்பொருளில் மின்வரம்பைச் சற்றுக் குறைத்தால் வேகம் கொஞ்சமே குறையும், சூடு நன்றாகவே தணியும். பழைய கார்டில் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள். கோடை பிறக்கும் முன்பே இவற்றைச் செய்துவிடுங்கள். கார்டு பல ஆண்டுகள் உழைக்கும்.