இரண்டாம் முறை நீட் எழுதினால் மதிப்பு குறையுமா?

நீட் முடிவு வந்ததும் சங்கராபுரம் பக்கம் பல வீடுகளில் எழும் கேள்வி இது: முதல் முறை மார்க் போதவில்லை, அடுத்த வருஷமும் எழுதினால் மருத்துவக் கல்லூரியில் அதைக் குறையாக நினைப்பார்களா?

நினைக்க வழியே இல்லை. தரவரிசையைத் தீர்மானிப்பது அந்த ஆண்டு 720-க்கு வாங்கிய மார்க். எத்தனையாவது முறை என்று யாரும் பார்ப்பதில்லை. சிறுவங்கூரில் 2022-இல் திறந்த கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரியானாலும் சென்னை மருத்துவக் கல்லூரியானாலும் இடம் கவுன்சலிங்கில்தான் கிடைக்கிறது. கல்லூரி தானாக யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பும் இல்லை, உச்ச வயதும் இல்லை. ஆனால் போன வருஷ மார்க் செல்லாது. அமெரிக்காவில் எஸ்.ஏ.டி. தேர்வைப் பல முறை எழுதியவருக்கு, ஒவ்வொரு பிரிவிலும் வாங்கிய உயர்ந்த மார்க்கைச் சேர்த்துக் கணக்கிடும் கல்லூரிகள் உண்டு. இங்கே இரண்டாம் முறை குறைந்தால் குறைந்ததுதான்.

கல்லூரி பார்க்கவில்லை என்பதால் எல்லாரும் சமம் என்று ஆகிவிடாது. நீட்டின் தாக்கத்தை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021-இல் தந்த அறிக்கைப்படி, தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் மறுமுறை முயன்றவர்கள் 2016-17இல் 12.47 சதவீதம், 2020-21இல் 71.42 சதவீதம். பிளஸ் டூவை முடித்த கையோடு எழுதும் பிள்ளை, ஒரு வருஷம் முழுக்கக் கோச்சிங்கில் இருந்தவரோடு ஒரே பட்டியலில் நிற்க வேண்டியிருக்கிறது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து, வெளியூரில் தங்கி, கோச்சிங் கட்டணமும் கட்ட எத்தனை குடும்பங்களால் முடியும்? முதல் முறை இடம் கிடைக்காததை அந்தப் பிள்ளையின் குறையாகப் பேசுவது அநியாயம்.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு 2020-இல் வந்தது. மறுபடி எழுதினாலும் அந்த உரிமை போகாது. இது தெரியாமல் ஒருவர்கூட விட்டுவிடக் கூடாது.

ஐ.ஐ.டி.க்கு விதி வேறு. ஜே.இ.இ. மெயின் வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கும். இரண்டில் நல்லதை எடுத்துக்கொள்வார்கள். அட்வான்ஸ்ட் தேர்வை அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டே முறைதான் எழுதலாம்.

கால்நடை மருத்துவத்தில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் வேண்டாம், பிளஸ் டூ மார்க் போதும். சின்னசேலத்தைத் தாண்டினால் தலைவாசலிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மறுபடி நீட் எழுத நினைப்பவர்களும் இதற்கு விண்ணப்பித்து வைக்கலாம்.