தண்ணீர் எமது ஓடையில், ஒப்பந்தம் யார் கையில்?

எல்கடுவ மலைச்சரிவிலிருந்து மாத்தளைப் பக்கமாக இறங்கினால் உக்குவளை வரும். அங்கே ஒரு நீர்மின் நிலையம் இருக்கிறது. அதைச் சுழற்றுகின்ற தண்ணீர் அந்த ஊர்த் தண்ணீர் அல்ல. கண்டிக்கு அருகே பொல்கொல்லையில் மகாவலி கங்கையை மறித்து, மலையைக் குடைந்து, ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சுரங்கப் பாதை வழியாகக் கொண்டுவரப்பட்ட தண்ணீர் அது. 1976ஆம் ஆண்டு முதல் இரண்டு இயந்திரங்களில் 40 மெகாவாற் அங்கே பிறக்கிறது. வேலை முடித்த நீர் சுது கங்கையில் விழுந்து, அம்பன் கங்கையோடு சேர்ந்து போவத்தென்னைக்குப் போகிறது. அங்கே 1981 முதல் இன்னொரு 40 மெகாவாற். அதற்கும் கீழே மொரகஹகந்தை. 2018இல் திறக்கப்பட்ட அந்த அணையிலும் 25 மெகாவாற் நிலையம் ஒன்று உண்டு.

ஆக, நாட்டிற்கு ஒளி கொடுப்பதில் மாத்தளை மாவட்டம் பின்நின்றதில்லை. நாம் கேட்க விரும்புவது வேறொன்று. இந்த ஒளிக்காக வயலையும் வீட்டையும் விட்டு எழுந்து போனவர்களுக்கும், தம் ஓடையைப் பகிர்ந்து கொடுத்தவர்களுக்கும், என்ன எழுதிக் கொடுக்கப்பட்டது? என்ன சொல்லப்பட்டது என்று நாம் கேட்கவில்லை. சொல்லப்பட்டவை ஏராளம். எழுதப்பட்டது எது என்பதே கேள்வி.

தொழிற்சாலையில் விளக்கு, லயத்தில் குப்பி லாம்பு

மலைநாட்டில் ஓடையிலிருந்து மின்சாரம் எடுப்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. வெள்ளைத் துரைமார் காலத்திலேயே நூற்றுக்கணக்கான தேயிலைத் தொழிற்சாலைகள் சொந்தச் சக்கரங்களை வைத்திருந்தன. மேலே ஒரு தொட்டி, அங்கிருந்து இரும்புக் குழாய், கீழே ஒரு சக்கரம், அவ்வளவுதான். கொழுந்து அரைக்கும் இயந்திரமும் துரை பங்களா விளக்கும் அதில் ஓடின. அதே தண்ணீர் ஓடும் பீலிக்கு அருகில் இருந்த லயன் காம்பராக்களில் மண்ணெண்ணெய்க் குப்பி லாம்புதான் எரிந்தது.

தேசிய மின்கம்பி தோட்டங்களுக்கு வந்ததும் அந்தச் சக்கரங்களைக் கைவிட்டார்கள். கம்பி மின்சாரம் அன்று மலிவு. பிறகு 1973இல் எண்ணெய் விலை ஏறியது. கைவிட்ட சக்கரங்களின் மதிப்பு அப்போதுதான் விளங்கத் தொடங்கியது.

தோட்டங்களும் கைமாறிக்கொண்டே இருந்தன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் அரசின் கைக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. எல்கடுவ பிளான்டேசன்ஸ் என்ற பெயரில் உருவான கம்பனி, ஜனவசம என்று நாம் அழைக்கும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்தையும் போல, அரசின் பொறுப்பிலேயே இருந்து வந்திருக்கிறது. இம்மூன்றிலும் தொழிலாளரின் சேமலாப நிதியும் பணிக்கொடையும் நிலுவையில் கிடந்த கதை பாராளுமன்றம் வரை பேசப்பட்டது. உழைத்தவருக்குச் சேர வேண்டிய காசு நிலுவையாகிக் கிடந்த இந்தக் காலத்தில்தான், மின்சாரம் உற்பத்தி செய்ய முன்வந்தவர்களுக்கு அரசு கைகொடுக்கும் முறை ஒன்று ஒழுங்காக எழுந்து வந்தது. அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதலீட்டாளருக்கு எழுதிக் கொடுத்தது

1990களின் நடுப்பகுதியில் தனியார் சிறு நீர்மின் நிலையங்கள் தேசிய மின்கம்பியில் இணையத் தொடங்கின. 10 மெகாவாற் வரையான நிலையங்களுக்கு மின்சார சபை ஒரே மாதிரியான ஒப்பந்தம் ஒன்றை வைத்தது. பேரம் இல்லை. உற்பத்தி செய்யும் ஒவ்வொரு அலகையும் சபை வாங்கும். தொடக்கத்தில் விலை எப்படி முடிவானது தெரியுமா? அந்த அலகை எண்ணெய் எரித்து உற்பத்தி செய்திருந்தால் சபைக்கு எவ்வளவு செலவாகியிருக்குமோ, அந்தத் தவிர்க்கப்பட்ட செலவே விலை. எண்ணெய் ஏறினால் ஓடைத் தண்ணீரின் விலையும் ஏறும்! பின்னர் இது மாற்றப்பட்டு, நிலையம் கட்டவும் நடத்தவும் ஆகும் செலவைக் கணக்கிட்டு, கடன் அடைக்கும் காலத்தில் கூடிய விலையும் பின்னர் குறைந்த விலையுமாகப் படிமுறை விலை வந்தது.

2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் நிலைபேறான சக்தி அதிகாரசபை அமைந்தது. ஓடை, காற்று, வெயில் ஆகியவற்றிலிருந்து தேசிய கம்பிக்கு மின்சாரம் தர விரும்புவோர் அங்கே அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். அதன் ஆயுள் 20 ஆண்டு. நிலையான விலை, நீண்ட காலம், சட்டத்தின் காவல் ஆகிய மூன்றும் கையில் இருந்தால் வங்கி கடன் கொடுக்கும். உலக வங்கியின் உதவியோடு 1997 முதல் 2002 வரையும், பின்னர் 2011 வரையும் நடந்த இரு திட்டங்கள் அந்தக் கடனுக்கும் வழி செய்தன. இன்று 200க்கும் மேற்பட்ட சிறு நீர்மின் நிலையங்கள் 400 மெகாவாற்றுக்கும் அதிகமான ஆற்றலுடன் நிற்கின்றன.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. இந்த நிலையங்கள் ஊரை மூழ்கடிப்பதில்லை. விக்டோரியா அணை பழைய தெல்தெனிய நகரை விழுங்கியதைப் போல விழுங்குவதில்லை. எண்ணெய் வாங்க டொலர் இல்லாமல் 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை இருளில் இருந்த நாடு, தன் மண்ணில் பிறக்கும் மின்சாரத்தை ஊக்குவிக்கத்தான் வேண்டும். 2030க்குள் 70 வீதம் இவ்வழியில் என்பது அரசின் இலக்கு.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஒப்பந்தத்தில் இரண்டு தரப்புகள்தான். ஒன்று மின்சார சபை, மற்றது உற்பத்தியாளர். ஓடைக் கரையில் மரக்கறித் தோட்டம் வைத்திருப்பவர், வாய்க்கால் வெட்டி வயலுக்கு நீர் எடுப்பவர், பீலியில் குளிக்கும் லயத்துக் குடும்பம் ஆகிய எவரும் அதில் தரப்பு அல்ல. தடுப்பணையில் மறித்த நீர் கால்வாயிலும் குழாயிலும் போய், கீழே பவர் ஹவுசில்தான் ஓடைக்குத் திரும்புகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட ஓடையில், வறட்சி மாதங்களில், கல்தான் தெரியும். இதற்காகவே சுற்றாடல் அனுமதியில், எப்போதும் ஓடைக்குள் விட வேண்டிய குறைந்தபட்ச நீரின் அளவு நிபந்தனையாக எழுதப்படுகிறது. அந்த அளவு எத்தனை என்று ஓடைக்கரையில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சலுகையோடு நிபந்தனையும் போட அரசுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1992இல் ஜனாதிபதி பிரேமதாச கிராமங்களுக்கு 200 ஆடைத் தொழிற்சாலைகளைக் கொண்டுபோனபோது, ஏற்றுமதிக் கோட்டாவும் வரிச் சலுகையும் கொடுத்தார். பதிலுக்கு ஒவ்வொரு தொழிற்சாலையும் அப்பகுதி ஏழைக் குடும்பங்களிலிருந்து 500 பேரளவில் வேலைக்கு எடுக்க வேண்டும் என்றார். அந்தத் திட்டத்தில் குறைகள் இருந்தன. 2005 தொடக்கத்தில் உலகக் கோட்டா முறை முடிந்ததும் அதன் அடிப்படையே போயிற்று. என்றாலும் வாங்குகின்ற சலுகைக்கு ஊருக்கு என்ன தருகிறாய் என்ற கேள்வி அங்கே எழுத்தில் இருந்தது.

ஊரார் தாமே செய்தபோது

1990களில், மின்கம்பி எட்டாத மலைக் கிராமங்களில் மக்கள் மின்பாவனையாளர் சங்கங்களை அமைத்துத் தம் ஓடையில் தாமே மின்சாரம் எடுத்தார்கள். அரச சார்பற்ற நிறுவனங்கள் வழிகாட்டின. மேலே சொன்ன உலக வங்கித் திட்டங்களில் இவர்களுக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. கால்வாய் வெட்டுவதும் கல் சுமப்பதும் சிரமதானம்.

கணக்கு எளிது. ஒரு செக்கனுக்கு 20 லீற்றர் நீர் 30 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தால் அதன் வலு ஏறத்தாழ 5.9 கிலோவாற். குழாயிலும் சக்கரத்திலும் இழந்தது போகப் பாதி கையில் வரும். 3 கிலோவாற் என்று வையுங்கள். 20 வீட்டுக்குப் பகிர்ந்தால் வீட்டுக்கு 150 வாற். விளக்கு, வானொலி, ஒரு தொலைக்காட்சி ஆகியவற்றிற்குப் போதும். மின் அழுத்தி போட முடியாது. ஒருவர் போட்டால் ஊரே மங்கும். யார் போட்டார்கள் என்பதும் ஊருக்குத் தெரிந்துவிடும். ஆகவே சங்கத்துக்கு விதி வேண்டும், மாதச் சந்தா வேண்டும், கால்வாயில் சேரும் சருகை அள்ள ஒருவர் வேண்டும். ஒரு சிறு அரசாங்கமே நடக்கிறது என்று சொல்லலாம்.

பிறகு தேசிய மின்கம்பி வந்தது. நல்ல செய்திதான். ஆனால் அது வந்த ஊர்களில் உறுப்பினர் ஒவ்வொருவராக விலக, சந்தா நின்று, பல நிலையங்கள் துருப்பிடித்தன. தம் மின்சாரத்தைத் தேசிய கம்பிக்கு விற்கும் நிலைக்கு வந்த சங்கங்கள் ஒருசிலவே. கம்பனிக்குக் கிடைத்த அதே ஒப்பந்தம் சங்கத்துக்கும் கிடைக்க வேண்டுமானால் பொறியியல் அறிக்கை, இணைப்புக் கருவி, வங்கி உத்தரவாதம் என்று கேட்கிறார்கள். ஊரிலே தண்ணீர் இருந்தது, உழைப்பு இருந்தது; அந்தக் கடதாசிகளைத் தயாரிக்கும் பணம் இருக்கவில்லை. அரச ஆதரவு மிகவும் தேவைப்பட்ட இடம் இதுவே என்பது எமது கருத்து.

சூரிய மின்சாரத்திலும் இதே கதைதான். 2016இல் தொடங்கிய சூரிய பல சங்கிராமத் திட்டத்தில், கூரையிலிருந்து விற்கும் அலகுக்கு முதல் 7 ஆண்டு 22 ரூபா, அடுத்த 13 ஆண்டு 15.50 ரூபா என்று விலை எழுதப்பட்டது. சொந்தப் பெயரில் மின்கணக்கும் கூரையின் மீது உரிமையும் உள்ளவருக்கு அது நல்ல வாய்ப்பு. லயத்துக் கூரை தோட்டத்துக்குச் சொந்தம். குடியேற்றத்தில் உறுதி கிடைக்காதவரின் கூரையும் கடதாசியில் அவருடையது அல்ல.

எழுந்து போனவர்களுக்கு எழுதியது

நம் வாசகர்களில் பலர் அணைக்காகவோ கலவரத்தாலோ மண்சரிவாலோ இடம்பெயர்ந்தவர்கள். அணைக்காகப் பெயர்ந்தவர்களுக்கு ஒரு முக்கியமான ஆவணம் இருக்கிறது. 2001இல் அமைச்சரவை ஏற்றுக்கொண்ட, விருப்பமின்றி மீள்குடியேற்றப்படுவோர் பற்றிய தேசியக் கொள்கை அது. காணிக்கு எழுத்து மூலமான உறுதி இல்லாதவர்களும் நியாயமாக நடத்தப்பட வேண்டும் என்று அது சொல்கிறது. இழந்ததை மீண்டும் உருவாக்க ஆகும் செலவே நட்டஈட்டின் அளவு என்றும் சொல்கிறது. லயத்தில் தலைமுறைகளாக இருந்தும் ஒரு பேர்ச் காணிக்கு உறுதி இல்லாத குடும்பத்துக்கு இதைவிடப் பெறுமதியான வாசகம் கிடையாது. ஆனால் அது கொள்கை, சட்டம் அல்ல. அதிகாரிக்கு அதை எடுத்துக் காட்டினால்தான் அது வேலை செய்யும். கொத்மலை, விக்டோரியா காலத்தில் அதுகூட இருக்கவில்லை.

அயலில் இந்தியாவைப் பாருங்கள். அங்கே 2008ஆம் ஆண்டின் நீர்மின் கொள்கையில், திட்டத்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாதம் 100 அலகு மின்சாரம் 10 ஆண்டுகளுக்கு இலவசம் என்றும், ஒரு வீத மின்சாரத்தின் வருமானம் அப்பகுதி அபிவிருத்திக்கு என்றும் எழுதியிருக்கிறார்கள். அங்கும் எழுதியதெல்லாம் நடந்துவிடுவதில்லை. ஆனால் நடக்காதபோது காட்டிக் கேட்க ஒரு வாசகம் உண்டு. நோர்வேயில் நீர்மின் நிலையம் உள்ள ஊராட்சிகள் உற்பத்தியின் ஒரு பகுதியைச் செலவு விலையில் பெறும் உரிமை உடையவை. அந்த ஏற்பாடு நூறு ஆண்டு பழையது.

இப்போது ஏன் இதைப் பேசுகிறோம்?

1990களின் இறுதியிலும் 2000களிலும் கொடுக்கப்பட்ட ஒப்பந்தங்களும் அனுமதிகளும் 15, 20 ஆண்டுக் காலத்தை முடித்துக்கொண்டு வருகின்றன. முடிந்தவை புதுப்பிக்கப்படுகின்றன. புதிய ஓடைகளும் தேடப்படுகின்றன. முதல் தடவை எழுதும்போது நம்மைக் கேட்கவில்லை. புதுப்பிக்கும்போது கேட்க வைக்கலாம். தெருவிளக்கு, பாடசாலைக்கு மின்சாரம், சங்கத்துக்கு ஒரு பங்கு, கோடையில் வாய்க்காலுக்கு நீர் போன்றவற்றை ஊர்க் கூட்டத்தில் வாயால் ஒப்புக்கொண்டால் போதாது. பிரதேச செயலாளரின் கடிதத்திலும் அனுமதியின் நிபந்தனையிலும் அவை ஏற வேண்டும். வயலுக்கு நீர் எடுக்கும் சிறு அணை உங்களிடம் இருந்தால், உங்கள் கமக்காரர் அமைப்பு கமநல சேவை நிலையத்தில் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பதிவான அமைப்பின் ஆட்சேபத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

உங்கள் ஓடையில் ஏற்கெனவே ஒரு நிலையம் இருந்தால், அதன் அனுமதி எப்போது முடிகிறது, குறைந்தபட்ச நீரின் அளவு எவ்வளவு என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். எழுத முடியாதவர் வாயால் கேட்டால், தகவல் உத்தியோகத்தர் அதை எழுத்தில் பதிந்துகொள்ளக் கடமைப்பட்டவர். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவைச் சொல்ல வேண்டும். பதில் வந்ததும், மழையில்லாத ஒரு நாளில் தடுப்பணைக்குப் போய், நீர் விடும் குழாய் அல்லது வெட்டு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அடைபட்டிருந்தால் திகதியோடு படம் எடுத்து, முறைப்பாட்டைக் கிராம உத்தியோகத்தரிடம் கொடுத்து, உங்கள் பிரதியில் கையொப்பமும் முத்திரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.