உங்களுக்குத் தெரியுமா? – அருப்புக்கோட்டை வானில் அயல் உலகங்கள்

★ வைகாசி மாதம், இரவு பத்து மணி வாக்கில், அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் மொட்டை மாடியில் படுப்பவர்கள் தெற்கே திரும்பிப் பாருங்கள். அடிவானத்துப் பனைகளுக்கு மேலே இரண்டு நட்சத்திரங்கள் ஜோடியாகப் பளிச்சென்று நிற்கும். இடப்பக்கம் இருப்பது ஆல்ஃபா சென்டாரி. அதன் கூட்டாளி பிராக்சிமா கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரம் அதுதான். தொலைவு 4.24 ஒளியாண்டு. டெல்லிக்காரர்களுக்கு ஆல்ஃபா சென்டாரி அடிவானத்தை ஒட்டி லேசாகத் தலைகாட்டுவதோடு சரி. இந்த ஒரு விஷயத்தில் கொடுப்பினை நமக்குத்தான்!

★ அந்தப் பிராக்சிமாவை ஒரு கோள் சுற்றுவது 2016-இல் தெரியவந்தது. குறைந்தது பூமியளவு எடை. ஒரு சுற்றுக்குப் பதினோரு நாள். தண்ணீர் உறையாமல், கொதிக்காமல் நிற்கத் தோதான தூரம். அதற்காகத் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தமில்லை. கண்மாய் இருந்தால் தண்ணீர் கிடக்கும் என்று குண்டாற்றுக் கரையில் யாராவது சொல்வார்களா? பிராக்சிமா அடிக்கடி சீறி எக்ஸ் கதிர்களை அள்ளி வீசுகிறது. கோளில் காற்று மிஞ்சியிருக்குமா என்பதே சந்தேகம்.

★ சித்திரை இரவில் நம் உச்சந்தலைக்கு மேல் வருவது சிம்ம ராசி. அதில் உத்திரத்துக்குச் சற்றுத் தெற்கே, 124 ஒளியாண்டுக்கு அப்பால் கே2-18பி என்ற கோள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கு மதுசூதன் குழு, அதன் காற்றில் டைமெதில் சல்ஃபைடு தென்படுவதாக 2025 ஏப்ரலில் அறிவித்தது. பூமியில் அந்த வாயுவைப் பெருமளவு விடுபவை கடலின் நுண்பாசிகள். உடனே ‘உயிர் கிடைத்தாச்சு’ என்று தலைப்புச் செய்திகள். அறிவிப்பின் உறுதியோ 99.7 சதவீதம், கண்டுபிடிப்பு என்று ஏற்க 99.99994 வேண்டும். வேறு குழுக்கள் அதே தரவை அலசி, ஆதாரம் போதாது என்றன. உயிரே இல்லாத ஒரு வால்நட்சத்திரத்திலும் இதே வாயு இருந்திருக்கிறது!

★ இதுவரை உறுதியான அயல் கோள்கள் 6,000-க்கு மேல். உயிர் உறுதியானது? பூஜ்யம்.

★ உயிரைத் தேடி நம்மவர்களும் மேலே துழாவியிருக்கிறார்கள். ஹைதராபாத்திலிருந்து வானியலாளர் ஜெயந்த் நார்லிகர் உள்ளிட்டோர் பலூன் அனுப்பி, 41 கி.மீ. உயரம் வரை காற்றை அள்ளினார்கள். சிக்கிய புதிய பாக்டீரியா ஒன்றுக்கு ஆரியபட்டரின் பெயர். விண்ணிலிருந்து வந்ததோ என்ற பரபரப்பு கொஞ்ச நாள் ஓடியது. பிற்பாடு அதே இனம் சாதாரணச் செடிகளின் வேர் மண்ணிலும் கிடைத்தது.

★ 2019-இல் இந்தியாவுக்கும் ஒரு நட்சத்திரத்துக்குப் பெயர் சூட்டும் வாய்ப்பு வந்தது. இயற்பியலாளர் பிபா சவுத்ரி நினைவாக ‘பிபா’. அதன் கோள் ‘சந்தமச’. வியாழனைவிடக் கனத்த, கொதிக்கும் வாயுக் கோளம். அங்கே ஒரு வருஷம் என்பது நம் இரண்டே நாள். உயிர் தங்க வழியில்லை, பெயர் வைத்ததோடு சரி.