நாவின் பரம்பரை

அமெரிக்க வேதியியலாளர் ஆர்தர் ஃபாக்ஸ் 1932-இல் ஒரு விந்தையைப் பதிவு செய்தார். ஆய்வுக்கூடத்தில் ஃபீனைல்தயோகார்பமைடு என்னும் தூள் காற்றில் பறந்தபோது உடனிருந்தவர் கசக்கிறதென்றார். ஃபாக்ஸின் நாவோ எதையும் உணரவில்லை. இவ்வேறுபாடு பெற்றோர் வழி வருவதென விரைவில் புலனாயிற்று. அதற்குரிய மரபணு ஏழாம் குரோமோசோமில் இருப்பது 2003-இல் கண்டறியப்பட்டது. அதன் ஒரு வகை அமையப்பெற்றோருக்கு முட்டைக்கோசும் கடுகுக்கீரையும் கூட மிகுதியாகக் கசக்கலாம்.

பழக்கமும் வயதும் சுவையை மாற்றும் என்பது உண்மையே. ஆயினும், தட்டை ஒதுக்கும் பிள்ளையை 'நிஃமத்தை மறுப்பவன்' என்று கடிந்து கொள்கிறோமே, அவன் நாவில் படுவது நாம் அறியாத கசப்பாக இருக்கலாம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எவ்வுணவையும் பழித்ததில்லை. விருப்பமில்லாததை உண்ணாது விட்டுவிடுவார்கள். அந்த ஹதீஸின் முற்பகுதியை மட்டுமே நாம் பிள்ளைகளுக்கு ஓதிக் காட்டுகிறோம்.