எஞ்சினைத் தாங்கும் கட்டை

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை எப்போதும் பரபரப்பான இடம். ஒரு பக்கம் பத்மநாபசுவாமி கோயில். இன்னொரு பக்கம் சாலைக் கடைத்தெரு. அரிசி, பருப்பு, வாழைக்குலை முதல் ஆணி, போல்ட், கயிறு, பெயின்ட் வரை அங்கே கிடைக்கும்.

கிழக்கேகோட்டையிலிருந்து கடற்கரை தூரம் இல்லை. பஸ் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் விழிஞ்ஞம் போய்விடலாம். விழிஞ்ஞத்தில் 2025 மே 2-ஆம் தேதி பெரிய துறைமுகம் திறந்து வைக்கப்பட்டது. மலை போன்ற கப்பல்கள் அங்கே வருகின்றன. பக்கத்திலேயே மீன்பிடித் துறைமுகமும் இருக்கிறது. இன்னும் தெற்கே போனால் குளச்சல், சின்னமுட்டம். வடக்கே கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரை. இந்த ஊர்களில் விசைப்படகுகள் வரிசையாக நிற்கும்.

வெளியே பார்த்தால் படகு பளபளப்பாக இருக்கும். புதுப் பெயின்ட் மின்னும். ஆனால் உள்ளே? எஞ்சினைத் தாங்கும் கட்டை நன்றாக இருக்கிறதா? அது இற்றுப்போனால் என்ன ஆகும்? எப்படிக் கண்டுபிடிப்பது? எப்படி மாற்றுவது? தெரிந்துகொள்வோம், வாருங்கள்.

படகுக்கும் எலும்பு உண்டு

நம் உடம்புக்கு முதுகெலும்பு இருக்கிறது. விலா எலும்புகள் இருக்கின்றன. படகுக்கும் அப்படித்தான். படகின் அடியில் நீளமாக ஓடும் மரத்துக்கு ஏரா என்று பெயர். அதுதான் முதுகெலும்பு. அதிலிருந்து இரண்டு பக்கமும் வளைந்து மேலே வரும் சட்டங்கள் விலா எலும்புகள். இவற்றை வங்கு என்பார்கள். இவற்றின் மேல்தான் பலகைகளை அடிக்கிறார்கள்.

சில படகுகளில் எஞ்சினை வெளியே மாட்டுகிறார்கள். வேலை முடிந்ததும் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போகலாம். விசைப்படகில் அப்படி இல்லை. எஞ்சின் படகுக்கு உள்ளேயே இருக்கும். அதன் கீழே இரண்டு நீளமான கட்டைகள் உண்டு. எஞ்சினை அந்தக் கட்டைகளில் போல்ட் போட்டு முறுக்கியிருப்பார்கள்.

இந்தக் கட்டைகள் எஞ்சினின் எடையை மட்டுமா தாங்குகின்றன? இல்லை. இன்னொரு பெரிய வேலையும் செய்கின்றன. படகின் பின்னால் இருக்கும் விசிறி சுற்றுகிறது. தண்ணீரைப் பின்னால் தள்ளுகிறது. அதனால் படகுக்கு முன்னே போகும் விசை கிடைக்கிறது. அந்த விசை விசிறியிலிருந்து இரும்புத் தண்டு வழியாக எஞ்சினுக்கு வருகிறது. எஞ்சினிலிருந்து கட்டைக்கு வருகிறது. கட்டையிலிருந்து படகு முழுவதற்கும் பரவுகிறது. அதாவது, முழுப் படகையும் தள்ளுவது இந்த இரண்டு கட்டைகள்தான்.

எஞ்சின் வந்தது, எலும்பும் வந்தது

நம் முன்னோர்கள் கட்டுமரத்திலும் வள்ளத்திலும் கடலுக்குப் போனார்கள். அவற்றில் எஞ்சின் இல்லை. 1952-ல் இந்திய-நார்வே திட்டத்துக்கு ஒப்பந்தம் ஆனது. அடுத்த ஆண்டு கொல்லத்துக்கு அருகே நீண்டகரை, சக்திகுளங்கரைப் பகுதியில் வேலை தொடங்கியது. அப்போது அது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். குளச்சலும் கன்னியாகுமரியும் அதே மாநிலத்தில்தான் இருந்தன. 1956 நவம்பர் 1-இல் அவை தமிழ்நாட்டோடு சேர்ந்தன.

பழைய வள்ளங்கள் உள்ளே வைக்கும் எஞ்சினுக்கு ஏற்றவையாக இல்லை. அதனால் எஞ்சினுக்காகவே புதிய படகுகளை வடிவமைத்தார்கள். எஞ்சின் அதிரும். எடை அதிகம். அதைத் தாங்க உறுதியான சட்டங்கள் வேண்டும்.

கட்டுமரத்தைப் பற்றி ஒரு செய்தி. கரைக்கு வந்ததும் அதன் கட்டைகளை அவிழ்த்துக் காய வைப்பது வழக்கம். ஈரம் ஊறினால் கட்டை கனத்துவிடும். மரத்தைக் காய விட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. விசைப்படகின் கட்டையை அப்படி அவிழ்த்துக் காய வைக்க முடியாது. அங்கேதான் தொல்லை தொடங்குகிறது.

எதிரி கடல் அல்ல, மழை

"உப்புத் தண்ணீர் மரத்தை அரித்துவிடும்" என்று பலர் நினைக்கிறார்கள். மரம் இற்றுப்போகக் காரணம் ஒரு வகைப் பூஞ்சை. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய உயிர். அது மரத்தைத் தின்று வளர்கிறது. அது வளர ஈரம் வேண்டும். காற்று வேண்டும். மிதமான சூடும் வேண்டும்.

நன்கு காய்ந்த மரத்தில் பூஞ்சை வளராது. எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கிய மரத்திலும் காற்று இல்லாததால் அது வளர்வது கடினம். உப்பும் பூஞ்சைக்குப் பிடிக்காது. அந்தக் காலத்தில் சில மேல்நாடுகளில் மரக்கப்பல் கட்டும்போது சட்டங்களுக்கு இடையே உப்பைக் கொட்டி வைப்பார்கள். மரம் இற்றுப்போகாமல் இருக்கத்தான்.

மழைநீர் அப்படி இல்லை. மேல்தளத்தின் வெடிப்பு வழியாக அது சொட்டுகிறது. எஞ்சின் அறையின் மூலையில் தேங்குகிறது. போல்ட் துளை வழியாகக் கட்டைக்குள் இறங்குகிறது. அங்கே காற்றோட்டம் இல்லை. எஞ்சின் சூடு வேறு. பூஞ்சைக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்குமா?

கடலில் வேறொரு எதிரியும் உண்டு. அது கப்பல் புழு. அது வெளிப்பலகையைத் துளைக்கும். அதைத் தடுக்க வெளியே மருந்தும் பெயின்டும் அடிக்கிறோம். ஆனால் உள்ளே தேங்கும் மழைநீரை மறந்துவிடுகிறோம்.

ஃபைபர் படகு தப்பித்துவிடுமா? தப்பாது. பல பழைய ஃபைபர் படகுகளில் தாங்கு சட்டத்தின் உள்ளே மரமோ பிளைவுட்டோ இருக்கும். அதன் மேல் ஃபைபர் போர்த்தியிருப்பார்கள். ஒரு சிறிய ஆணித் துளை போதும். தண்ணீர் உள்ளே போய்விடும். வெளியே வர வழி இல்லை. மேலே ஓடு அப்படியே இருக்கும். உள்ளே மரம் ஊறிய ரொட்டி போல ஆகிவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

படகே நமக்குச் சொல்லும். நாம் கவனிக்க வேண்டும்.

முறுக்கிய போல்ட் மறுபடியும் மறுபடியும் தளர்கிறதா? எஞ்சின் முன்பைவிட அதிகமாக அதிர்கிறதா? தண்டு வெளியே போகும் இடத்தில் தண்ணீர் கசிவது கூடிவிட்டதா? மட்கிய வாசனை வருகிறதா? இவை எல்லாம் அடையாளங்கள்.

பிறகு சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். நல்ல மரம் 'டங்' என்று ஒலிக்கும். இற்ற மரம் 'தொப்' என்று கேட்கும். சந்தேகமான இடத்தில் கூரான ஊசியால் குத்துங்கள். சுலபமாக உள்ளே போனால் மரம் கெட்டுவிட்டது. சிறிய துளை போட்டும் பார்க்கலாம். காய்ந்த, வெளிர் நிறச் சுருள் வந்தால் நல்லது. ஈரமான, கறுத்த தூள் வந்தால் கட்டையை மாற்ற வேண்டும். பார்த்த பிறகு துளையை அடைத்துவிட வேண்டும்.

ஒட்டுப் போடலாமா?

படகுக்காரர் ஆசாரியிடம் கேட்பார்:

"ஆசாரி அண்ணே, மேலே ஒரு பலகையை அடித்து, பெயின்ட் பூசிவிட்டால் இந்த வருஷம் ஓடாதா?"

நல்ல ஆசாரி இப்படித்தான் சொல்வார்:

"ஓடும் தம்பி. கரைக்குப் பக்கத்தில் ஓடும். காற்று அடிக்கும்போது நடுக்கடலில் நிற்கும். அப்போது என்ன செய்வாய்?"

கேள்வி நியாயமானதுதான். கட்டை மாற்றச் செலவு ஆகும். கையில் காசு இருக்காது. கடன் இருக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டை இளகினால் எஞ்சின் சாயும். எஞ்சின் சாய்ந்தால் தண்டு கோணலாகச் சுற்றும். தண்டு வெளியே போகும் குழாய் தேயும். அந்த வழியாகக் கடல்நீர் உள்ளே வரும். எஞ்சினும் போகும், படகும் போகும். படகில் இருப்பவர்களின் உயிருக்கும் ஆபத்து.

புதுப் பலகையை இற்ற மரத்தின் மேல் அடித்தால் பூஞ்சை புது மரத்துக்கும் பரவும். இற்ற பாகத்தை முழுவதும் எடுப்பதே வழி.

எப்போது செய்வது?

கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள் இழுவைப் படகுகளுக்குத் தடை. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் தடை. படகு வேலை நடப்பது இந்த நாட்களில்தான்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. தடைக்காலம் நமக்கு மழைக்காலமும் கூட. ஈர மரத்தில் ஃபைபர் ஒட்டாது. மருந்தும் சரியாக ஏறாது. ஆகவே மே மாதத்திலேயே தட்டிப் பார்த்துவிடுங்கள். வேண்டிய மரத்தை முன்னதாகவே வாங்கி, நிழலில் அடுக்கிக் காய வையுங்கள். படகு கரையேறியதும் மேலே தார்ப்பாய்ப் பந்தல் போடுங்கள். முதல் வேலை பந்தல்தான். பிறகுதான் உளி.

எப்படி மாற்றுவது?

முதலில் படகை நேராக நிறுத்த வேண்டும். ஏராவின் கீழே பல இடங்களில் முட்டுக் கொடுக்க வேண்டும். பக்கங்களிலும் முட்டு வேண்டும். அணியத்திலிருந்து அமரம் வரை நூல் பிடித்துப் பாருங்கள். படகு தொய்ந்திருக்கிறதா, முறுக்கியிருக்கிறதா என்று தெரியும். கோணலாக நிற்கும் படகில் புதுக் கட்டை போட்டால் கோணல் நிலைத்துவிடும்.

இரண்டாவது, அளவு எடுப்பது. தண்டுக் குழாயின் நடுவே ஒரு நூலை இழுத்துக் கட்டுங்கள். எஞ்சின் எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை அந்த நூல் சொல்லும். பழைய கட்டையின் வடிவத்தை மெல்லிய பிளைவுட்டில் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். எல்லா அளவையும் நோட்டில் எழுதுங்கள். நினைவை நம்ப வேண்டாம்.

மூன்றாவது, பேட்டரியைக் கழற்றுங்கள். டீசலை இறக்குங்கள். எஞ்சினைச் செயின் பிளாக்கில் மாட்டித் தூக்குங்கள்.

நான்காவது, ஒரு பக்கக் கட்டையை மட்டும் எடுங்கள். அதை மாற்றிய பிறகு அடுத்த பக்கம். இரண்டையும் ஒன்றாக எடுத்தால் படகின் வடிவம் மாறக்கூடும். எஞ்சின் கட்டையைப் பாதியில் வெட்டி ஒட்டாமல் முழு நீளமாக மாற்றுவது நல்லது. மற்ற சட்டங்களில் ஒட்டு வேண்டுமானால் சாய்வாகச் சீவி ஒட்ட வேண்டும். சட்டம் 5 சென்டிமீட்டர் கனம் என்றால் சாய்வு குறைந்தது 40 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். இற்ற இடத்தோடு நிற்காமல் நல்ல மரம் வரை வெட்டி எடுங்கள்.

ஐந்தாவது, புது மரம். தேக்கு நல்லது. அயினியும் நம் பக்கத்துப் படகுகளுக்குப் பழகிய மரம். கொச்சியில் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. 1957-ல் தொடங்கியது. விலை குறைந்த ரப்பர் மரத்துக்கு மருந்து ஏற்றிப் படகு கட்டலாம் என்று அது செய்து காட்டியது. மருந்து ஏற்றாத ரப்பர் மரம் சீக்கிரம் கெட்டுவிடும். மருந்து ஏற்றிய மரத்துண்டை அடுப்பில் எரிக்காதீர்கள். சில மருந்துகளில் பாஷாணம் இருக்கும். புகை விஷம்.

ஆறாவது, போல்ட் துளை. தண்ணீர் நுழைவதே அந்த வழியாகத்தான். துளையைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். எபாக்ஸிப் பசையால் நிரப்புங்கள். அது இறுகிய பின் அதன் நடுவே போல்ட்டுக்கான துளை போடுங்கள். இப்போது போல்ட்டைச் சுற்றிப் பசைச் சுவர் இருக்கும். மரம் நனையாது. சாதாரண இரும்பு போல்ட் வேண்டாம். துரு பக்கத்து மரத்தையும் கெடுக்கும்.

ஏழாவது, தண்ணீர் ஓட வழி. வங்குகளின் அடியில் சிறு துளைகள் இருக்கும். தேங்கும் நீர் அந்த வழியாக ஓடி ஒரே இடத்தில் சேரும். அங்கிருந்து பம்பு வெளியேற்றும். அழுக்கும் பெயின்டும் அந்தத் துளைகளை அடைத்திருக்கும். அவற்றைத் திறந்துவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் புதுக் கட்டையும் இற்றுப்போகும்.

கடைசியில் எஞ்சினை இறக்குங்கள். ஆனால் வேலை முடியவில்லை. படகு தண்ணீரில் இறங்கியதும் அதன் உடம்பு சற்று மாறும். இரண்டு மூன்று நாள் மிதக்க விடுங்கள். பிறகு எஞ்சினும் தண்டும் சேரும் தட்டுகளுக்கு இடையே இடைவெளி பாருங்கள். தட்டு 10 சென்டிமீட்டர் அகலம் என்றால் மேலும் கீழும் உள்ள இடைவெளி 0.1 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது. இதை நல்ல மெக்கானிக் பார்த்துச் சொல்வார்.

உயிருக்கு எச்சரிக்கை

ஃபைபர் வேலையில் ரெசினோடு கோபால்ட், ஹார்டனர் என்ற இரண்டையும் சேர்க்கிறார்கள். இந்த இரண்டையும் நேரடியாகக் கலக்கவே கூடாது. கலந்தால் வெடிக்கும். முதலில் ரெசினில் கோபால்ட்டை நன்றாகக் கலக்க வேண்டும். பிறகுதான் ஹார்டனர். இரண்டு பாட்டில்களையும் தள்ளித் தள்ளி வையுங்கள். ஃபைபரைத் தேய்க்கும்போது முகமூடியும் கண்ணாடியும் போடுங்கள். கையுறை அணியுங்கள். பக்கத்தில் பீடி பற்ற வைக்காதீர்கள்.

நினைவில் வைப்போம்

பெயின்டைப் பார்த்துப் படகை நம்ப வேண்டாம்.
ஆண்டுக்கு ஒரு முறை எஞ்சின் கட்டையைத் தட்டிப் பார்ப்போம்.
மழைநீரைத் தேங்க விட வேண்டாம்.
இற்றதை முழுவதும் எடுப்போம்.
ஈரத்தில் வேலை செய்ய வேண்டாம்.

யோசித்துப் பாருங்கள்

1. உப்புநீரைவிட மழைநீர் ஏன் கட்டைக்கு அதிகக் கெடுதல்?
2. இரண்டு பக்கக் கட்டைகளையும் ஏன் ஒரே நேரத்தில் எடுக்கக் கூடாது?
3. உங்கள் ஊர்ப் படகில் தண்ணீர் தேங்கும் இடம் எது? அதற்கு என்ன வழி செய்யலாம்?