மோதிரம் தேயும் வழி

காற்றோ கடல்நீரோ பொன்னை அரிப்பதில்லை. ஆகவே ஆண்டுக்கணக்கில் விரலில் கிடந்து மெலியும் மோதிரத்தின் தேய்மானத்துக்கு உரசலே முதற்காரணம். ஒரு பொருள் மற்றொன்றைக் கீறும் திறனை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் தூய பொன் ஏறத்தாழ 2.5 என்ற இடத்தில் நிற்க, சாதாரண மணலிலுள்ள குவார்ட்சு 7-ஆம் இடத்திலும், மணவாளக்குறிச்சி மணல் ஆலை பிரித்தெடுக்கும் சிர்கான் அதற்குச் சற்று மேலும் நிற்கின்றன. உரைகல்லில் பொன்னைத் தேய்த்து மாற்றுப் பார்க்கும்போது விழும் மஞ்சள் கோடு, அந்நகையிலிருந்து கழன்ற பொன்னேயாகும். கடற்கரையில் வலை இழுக்கும் கையிலும், நாஞ்சில் நாட்டு வயலில் சேறு அளையும் கையிலும் நிகழ்வது அதுவே. உமிச்சாம்பலின் பெரும்பகுதி மணலின் மூலப்பொருளான சிலிக்கா என்பதால், அதைக்கொண்டு பாத்திரம் துலக்குவதும் மோதிரத்துக்கு அரம் போடுவதற்கு ஒப்பாகும்.

வியன்னா வேதியியலாளர் ஜார்ஜ் ஸ்டைன்ஹவுசர் தம் திருமண மோதிரத்தை ஓராண்டு வாராவாரம் நிறுத்து 2008-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஏறத்தாழ 5.6 கிராம் மோதிரம் 6 மில்லிகிராம் அளவுக்குத் தேய்ந்திருந்தது. அதே வேகத்தில் ஐம்பது ஆண்டுகளில் 0.3 கிராம் போகும். சிறிய அளவுதான் என்றாலும், இழப்பு வளையம் முழுவதும் சமமாகப் பரவாமல், பொருள்களைப் பற்றும் உள்ளங்கைப் பக்கத்திலேயே குவிவதால் அவ்விடம் கம்பியாக மெலிகிறது.

22 காரட் எனப்படும் 916 நகையில் நூறு பங்குக்கு 91.6 பங்கு பொன், எஞ்சியது பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். இக்கலப்பு பொன்னை ஓரளவு கடினமாக்கினாலும் 18 காரட்டின் உறுதியைத் தருவதில்லை. அதே கலவையை வார்த்தபடியே விடுவதைக் காட்டிலும் அடித்து இழுத்துச் செய்யும்போது கடினம் கூடுகிறது. வடசேரிக் கோயில் நகைகளுக்கு அழகூட்டும் சிவப்புக் கற்களில் அசல் மாணிக்கத்தின் கடினம் 9 என்பதை நினைத்தால், கல் பதித்த மோதிரத்தை வெற்று மோதிரத்தோடு ஒரே விரலில் அணிவது எவ்வளவு கேடு என்பது புரியும்.

மண்வேலையின்போதும் பாத்திரம் துலக்கும்போதும் மோதிரத்தைக் கழற்றி வைப்பதே முதன்மையான காப்பு. அழுக்கைப் பூந்திக்கொட்டை ஊறிய நீரும் மென்மையான தூரிகையும் போக்கும். மெருகு போடும் ஒவ்வொரு முறையும் சிறிது பொன் போவதால் அதை அடிக்கடி செய்வது தகாது. அடிப்பக்கம் மெலிந்த மோதிரத்தை, அது முறியுமுன் பொற்கொல்லரிடம் கொடுத்து, தேய்ந்த பகுதியை வெட்டி அதே மாற்றுடைய பொன்துண்டை வைத்துப் பற்றவைத்து, முன்னும் பின்னும் நிறுத்து வாங்கிக்கொள்ளலாம்.