நட்சத்திர ஆமையின் தாவர உணவு

நட்சத்திர ஆமை அல்லது கட்டாமை (அறிவியல் பெயர்: ஜியோசெலோன் எலிகன்ஸ்) என்பது இந்தியா, இலங்கை, பாகிஸ்தான் ஆகிய நாடுகளின் வறண்ட புதர்க்காடுகளில் வாழும் தரையாமை இனமாகும். கரிய ஓட்டில் மஞ்சள் கோடுகள் விண்மீன் போல விரிந்திருப்பதால் இப்பெயர் பெற்றது. புல், பூண்டுச் செடிகள், பூக்கள், உதிர்ந்த பழங்கள் ஆகியவை இதன் முதன்மை உணவு.

1972-ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் இதனை வீட்டில் வளர்ப்பது குற்றமாகும். கடத்தல் மிகுந்ததால் 2019-இல் இது சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பின்னிணைப்பிற்கு மாற்றப்பட்டது. எனவே தீவனச் செடிகளைப் பற்றிய அறிவு, மீட்கப்பட்ட ஆமைகளைப் பேணுவோருக்கும், சுல்காட்டா போன்ற வெளிநாட்டுத் தரையாமைகளை முறையாகப் பதிவு செய்து வளர்ப்போருக்கும் பயன்படுகிறது.

ஏற்ற செடிகள்

திருவண்ணாமலைப் பகுதியின் வயல் வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் இவ்வாமைகளுக்கு ஏற்ற செடிகள் பல தாமாகவே முளைக்கின்றன. அருகம்புல், கானாவாழை, மூக்கிரட்டை ஆகியவை மழைக்குப் பின் எளிதில் கிடைக்கும். கோடையில் இவை காய்ந்துவிட, பச்சையாக நிற்பது சப்பாத்திக்கள்ளி. அதன் முள்ளையும் நுண்முள்ளையும் நெருப்பில் வாட்டி நீக்கிய பின் மட்டையை நறுக்கிக் கொடுக்கலாம். வேலியோரச் செம்பருத்தியின் இலையும் பூவும் ஏற்றவையே.

தரையாமையின் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிரிகள் நார்ப்பொருளைச் செரிக்க உதவுகின்றன. சோறு, ரொட்டி, இனிப்புப் பழங்கள் ஆகியவை அந்தச் செரிமானத்தைக் கெடுக்கும். ஓட்டிற்கும் எலும்பிற்கும் சுண்ணாம்புச் சத்து மிகுதியாக வேண்டும். அது உடலில் சேர நேரடி வெயிலும் வேண்டும்.

மூக்கிரட்டை பறிக்கும்போது சாரணையை அதனுடன் குழப்பிக்கொள்வது எளிது. இரண்டும் தரையில் படர்பவை. சில ஊர்களில் பெயரும் மாறி வழங்குகிறது. மூக்கிரட்டையின் சிறு பூக்கள் நீண்ட கிளைத்த காம்புகளில் நிற்கும். காய்கள் துணியில் ஒட்டும். சாரணையின் இலை சதைப்பற்றானது. பூ இலைக்கக்கத்தில் ஒளிந்திருக்கும். சாரணையில் மிகுந்துள்ள ஆக்சலேட்டு, சுண்ணாம்புச் சத்தை உடல் ஏற்கவிடாமல் கட்டிப்போடுகிறது. பூக்காத இளஞ்செடியில் ஐயம் தோன்றினால் பறிக்காமல் விடுவதே சரி.

தவிர்க்க வேண்டியவை

கோயில் நகரத்தில் கூடுதல் கவனம் தேவைப்படுவது பூசைச் செடிகளில்தான். பிள்ளையாருக்குச் சூட்டும் எருக்கிலும் மாலைகளில் சேரும் அரளியிலும் இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு உண்டு. சிவனுக்கு உரிய ஊமத்தையின் நஞ்சு நரம்பு மண்டலத்தைத் தாக்கும். வாடிய மாலைகளில் செவ்வந்தி, ரோசா ஆகியவற்றுடன் அரளியும் கலந்திருக்கும் என்பதால் அவற்றை ஆமைக்குப் பிரித்துப் போடுதல் கூடாது. கடைப் பூக்களில் மருந்துத் தெளிப்பும் இருக்கக்கூடும். காட்டோரங்களில் பரவியுள்ள உன்னிச்செடியும், பாதையோரப் பார்த்தீனியமும் விலக்க வேண்டியவை.

வளரும் இடமும் பார்க்கப்பட வேண்டும். சுமார் 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில் பௌர்ணமிதோறும் பெருங்கூட்டம் நடக்கிறது. அதன் ஓரத்துப் புல்லில் குப்பையும் நெகிழித் துண்டுகளும் கலந்துவிடும். களைக்கொல்லி தெளித்த வரப்பில், செடி வாடத் தொடங்கும் வரை வேறுபாடு தெரியாது. ஆகவே தெளிப்பு நடந்ததா என நிலத்துக்காரரிடம் கேட்டறிந்தே பறிக்க வேண்டும்.

வயலிலோ காட்டிலோ காணப்படும் ஆமைக்குத் தீவனம் எதுவும் தேவையில்லை. அதை அங்கேயே விட்டுவிடலாம். காயம்பட்டிருந்தால் வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும்.